நழுவியோரை நிறுத்தும் அறம்

நாஞ்சில் நாட்டிற்குச் செல்லும் நம் மக்கள் சிதறால் மலையைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. திருச்சாரணத்து மலை என்னும் பழம்பெயர் கொண்ட அக்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இயக்கியர் உருவங்களும் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியார் அங்குப் பொன்னணிகள் அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களிலும் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. இவற்றைக் கண்டு மகிழ்ந்து, நம் முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டே பேருந்து ஏறிவிடுவது வழக்கம். சென்ற முறை நாமும் அவ்வாறே திரும்பியிருப்போம். நாகர்கோவிலில் ஓர் இரவு தங்க நேர்ந்தமையால் வேறொன்றையும் காண வாய்த்தது.

இன்று அம்மாவட்டத்தில் நம் சமயத்தார் இல்லம் ஒன்றைக் காண்பது அரிது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள மக்களில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறித்தவர்கள். தெருவுக்குத் தெரு தேவாலயங்கள். மாலையில் நடந்து வரும்போது, ஒரு தேவாலயத்தை ஒட்டிய சிறு கூடத்தில் இருபது பேர் அளவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக அமர்ந்திருக்கக் கண்டோம். பாட்டில்லை, பிரசங்கமில்லை. ஒருவர் தாழ்ந்த குரலில் பேச, மற்றவர் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். வாயிலில் நின்ற கோயிற்பிள்ளையிடம் என்ன கூட்டம் என்று வினவினோம். குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் வாரந்தோறும் கூடுகிறார்கள் என்றார். அவர்கள் அனைவரும் உங்கள் சபையாரா என்று கேட்டோம். "அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. திறந்து கொடுப்பதும், முடிந்ததும் பூட்டுவதும்தான் என் வேலை. உள்ளே யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை" என்றார்.

அவ்விடத்தை விட்டு நாம் உடனே நகரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நம் நெருங்கிய உறவினர் ஒருவர், தம்பி முறையினர், வெளியூரில் வேலை பார்த்தபோது குடிக்கத் தொடங்கினார். மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் இல்லறத்தாரின் மூல குணங்களுள் அடங்கும் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் வகுத்துள்ளார். அருங்கலச்செப்பும் அந்நெறியையே தமிழில் தருகிறது. தாய்ப்பாலுடன் இதனைப் பருகி வளர்ந்த வீட்டில் ஒருவன் குடிக்கிறான் என்றால், அவனை நோயாளி என்று யார் கருதுவார்? அவன் நம்மவனே அல்லன் என்றுதான் கருதுவர். பத்தாண்டுக்கு மேல் இவ்வாறு கழிந்தது. ஒரு மகாவீரர் ஜெயந்தியன்று அவர் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, மனைவியுடன் ஊர் ஜினாலயத்திற்கு வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. படியிலேயே பெரியவர் ஒருவர் நிறுத்தினார். "குடித்துவிட்டுக் கோயிலுக்கு வருகிறாயே, நீ நயினார் வீட்டுப் பிள்ளைதானா?" என்று அனைவர் முன்னும் கேட்டார். அவர் விடை கூறாமல் திரும்பிச் சென்றார். பிறகு கோயிலுக்கு வரவேயில்லை. ஈரல் கெட்டு, ஐம்பது வயது நிரம்பும் முன்பே இறந்தார். அவர் அன்று குடித்திருக்கவில்லை, குடியை நிறுத்தி மூன்றாம் நாள் என்பதை அவர் மனைவி சொல்லி, இறப்புக்குப் பின்னரே அறிந்தோம். நடுக்கம் குடியால் வந்ததன்று, குடியை விட்டதால் வந்தது. ஊரின் பெயரையும் பெரியவரின் பெயரையும் இங்கு எழுதப் போவதில்லை. அன்று அப்படியருகே நாமும் நின்றிருந்தோம், ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறோம்.

ஆகவே நம்மை வருத்தும் வினா இது. தூய்மையைக் காக்க வேண்டிய ஆலயம், தூய்மை இழந்து மீள முயல்பவனுக்கு என்ன கடன்பட்டுள்ளது? அவனுக்காக வாயிலைத் திறப்பது அறத்தைத் தளர்த்துவதாகுமா? இவ்வினாவைக் கிறித்தவ சபைகள் நமக்கு முன்பே எதிர்கொண்டுள்ளன. சில இடங்களில் நன்றாக விடை கண்டுள்ளன, சில இடங்களில் தவறியும் உள்ளன. இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

நாகர்கோவிலில் நாம் கண்ட கூட்டம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் உலகளாவிய அமைப்பின் முறையில் நடப்பது. அதன் தோற்றத்திலேயே தேவாலயத்திற்கு ஒரு பங்கு உண்டு. 1935ஆம் ஆண்டு மே மாதம் பில் வில்சன் என்னும் அமெரிக்கர், குடியை விட்டு ஐந்து மாதமே ஆன நிலையில், அக்ரன் என்னும் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்றார். சென்ற காரியம் கைகூடவில்லை. விடுதியின் ஒரு பக்கத்தில் மதுக்கூடம், மறுபக்கத்தில் தொலைபேசி. அங்கு மாட்டியிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்து, தம்மைப் போன்ற குடிகாரர் ஒருவருடன் பேச வேண்டும் என்று வேண்டினார். அப்போதகர் கொடுத்த பெயர்கள் வழியாகவே பாப் சுமித் என்னும் மருத்துவரை அவர் சந்தித்தார். இருவரும் சேர்ந்து தொடங்கியதே இவ்வமைப்பு. இந்தியாவில் 1957 முதல் இது இயங்கி வருகிறது.

இவ்வரலாற்றில் பலர் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. வில்சனைச் சந்தித்துக் குடியை நிறுத்திய பாப் சுமித், சில வாரங்களுக்குள் ஒரு மருத்துவ மாநாட்டிற்குச் சென்று மீண்டும் அளவு கடந்து குடித்துவிட்டார். திரும்பி வந்தவரை வில்சன் தள்ளிவிடவில்லை. பாப் சுமித் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் அவ்வமைப்பினர் தம் தொடக்க நாளாகக் கொண்டாடுகின்றனர். நிறுவனர் இருவரில் ஒருவர் இடையில் நழுவியவர் என்பதை அவர்கள் மறைப்பதில்லை.

அங்குச் சேர ஒரே தகுதிதான் கேட்கப்படுகிறது, குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம். கட்டணம் இல்லை. வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை, கூடத்திற்கு வாடகையும் தாமே திரட்டிக் கொடுப்பர். உள்ளே கேட்டதையும் கண்ட முகத்தையும் வெளியே சொல்வதில்லை. ஆனால் உள்ளே ஒருவர் தம் குறையை மற்றொரு மனிதரிடம் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும், தீங்கிழைக்கப்பட்டோரிடம் இயன்றவரை ஈடு செய்ய வேண்டும் என்பன அவர்களது பன்னிரு படிகளுள் அடங்கும். தேவாலயம் இதில் செய்வது மிகச் சிறிது. ஒரு கூடத்தைத் திறந்து கொடுத்து, எட்டிப் பாராமல் இருக்கிறது. அச்சிறிய செயல் எளிதன்று என்பது, நம் ஊர் மண்டபத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

இவ்விடத்தில் நம் நூல்களில் வரும் ஒரு கதையை நினைவுகூர்வோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று, அறப்பழி மறைத்தல் எனலாம். அதற்கு எடுத்துக்காட்டு ஜினேந்திரபக்தன் என்னும் வணிகன். பிரமசாரி வேடமிட்டு வந்த ஒருவன், அவ்வணிகனின் இல்லத்துச் சைத்தியாலயத்தில் பகவானின் குடையில் பதித்திருந்த வைடூரியத்தைக் கவர்ந்து ஓடுகிறான். காவலர் துரத்திப் பிடிக்கின்றனர். ஜினேந்திரபக்தன் விரைந்து வந்து, தாமே அதனைக் கொண்டுவரச் சொன்னதாகக் கூறிக் காவலரை விலக்குகிறான். பிறகு தனிமையில் அவனைக் கடிந்து அனுப்புகிறான். ஒருவனுடைய இழிசெயலால் அறத்தின் மீது பழி விழாமல் காத்தமையே இங்குப் போற்றப்படுகிறது.

இக்கதையை இளமையில் கேட்டபோது, வணிகன் பொய் சொல்லவில்லையா என்று ஐயுற்றதுண்டு. உண்மையேயாயினும் பிறருக்கு ஆபத்து விளைப்பதாயின் அதனைச் சொல்லாமையும் வாய்மை விரதத்துள் அடங்கும் என்று அதே ஆசாரியர் கூறியிருப்பதைக் கொண்டு பெரியோர் விடை தந்தனர். அது ஒருவாறு பொருந்தும். ஆனால் குடிநோய் புகுந்த இல்லங்களைக் கண்டபின் நமக்கு எழும் ஐயம் வேறு. அவ்வில்லங்களில் மறைப்பு ஏராளமாக நடக்கிறது. கணவருக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்திற்கு மனைவி சொல்லி அனுப்புகிறாள். கடன்காரனுக்குத் தந்தை இரகசியமாகப் பணம் கட்டுகிறார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மூச்சு விடுவதில்லை. இவை யாவும் அன்பினால் நிகழ்வன, அவனைக் காப்பதாக எண்ணிச் செய்யப்படுவன. விளைவோ, குடியின் பலனை அவன் உணராமலே மேலும் ஐந்தாண்டு குடிப்பதற்கு வழி அமைகிறது. இதுவும் உபகூகனமா?

அன்று என்று நாம் துணிகிறோம். ஜினேந்திரபக்தன் வீதியிலிருந்து அவன் குற்றத்தை மறைத்தான், அவனிடமிருந்தே மறைக்கவில்லை. குற்றத்தை அவன் முகத்திற்கு நேரே எடுத்துரைத்தான், கூட்டம் கேட்க உரைக்கவில்லை. நம் இல்லங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அவனிடம் பேசத் தயங்குகிறோம், அல்லது பொழுதெல்லாம் ஏசுகிறோம். நெருங்கி அமர்ந்து உண்மையைப் பேசுவோர் இல்லை. கோயிற்படியில் நம் ஊர்ப் பெரியவர் செய்தது, வீட்டினர் பத்தாண்டு செய்த மறைப்பின் மறுபுறமே. நாகர்கோவில் கூடத்தில் வெளியார்க்குக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஒருவர்க்கொருவர் சாத்தவில்லை. ஜினேந்திரபக்தனின் அறத்தை, அவன் பெயரையே அறியாதவர்கள் அங்கு வாரந்தோறும் செய்துவருகின்றனர்.

சபைகள் அனைத்தும் இவ்வாறு நடப்பதாக எண்ணிவிட வேண்டா. குடியை விட்டவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் செய்யும் வழக்கம் பல ஜெபக்கூட்டங்களில் உண்டு. குடித்தழிந்தேன், இன்று விடுதலை பெற்றேன் என்று ஒலிபெருக்கியில் அவர் கூற, மக்கள் கைதட்டிப் போற்றுவர். சிலருக்கு அஃது ஊக்கமாக அமையலாம். ஆனால் நிறுத்தி நாற்பது நாளே ஆனவரை அற்புதத்தின் சான்றாக நிறுத்தினால், அவர் ஐம்பதாம் நாள் நழுவும்போது என் செய்வார்? அற்புதம் பொய்த்தது என்று பிறர் கூறுவர் என அஞ்சி அந்த வாயிலுக்கே வரமாட்டார். இக்குறை கிறித்தவரிடம் மட்டும் இருப்பதன்று. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடும் வழக்கம் தமிழகமெங்கும் உள்ளது. கயிறு அறுந்தபின் அக்கோயில் பக்கம் தலைகாட்டாதோரை நாம் அறிவோம். நாமும் விரதம் ஏற்றோரைப் பாராட்டிப் பத்திரிகையில் படம் வெளியிடுகிறோம். விரதம் முறிந்தோர்க்கு நம் பக்கங்களில் இடமில்லை.

மருத்துவர்கள் கூறுவது வேறு வகையானது. குடிக்கு அடிமையாதல் நெடுங்காலம் தொடரும் நோய். நீரிழிவில் சர்க்கரை மீண்டும் ஏறுவது போல, இந்நோயில் மீண்டும் குடித்தலும் பெரும்பாலோர்க்கு நேர்வதே. ஒருமுறை நழுவியதால் முன்பு பெற்ற பயன் முழுதும் அழிந்துவிடுவதில்லை. மீண்டும் எழுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்பதே முதன்மையானது. வெட்கம் அந்நாள்களை நீட்டிக்கிறது.

வாரிசேணர் கதையை நாம் இப்பொழுது வேறு கண்ணுடன் படிக்கிறோம். சிரேணிக மன்னனின் மைந்தரான அவர் துறவேற்றபின், நண்பன் புட்பதாடனையும் துறவுநெறியில் சேர்த்தார். நண்பனோ பன்னிரண்டு ஆண்டுகள் நோன்பு நோற்றும் வீட்டில் விட்டுவந்த மனைவியை மறந்தானில்லை. பன்னிரண்டு ஆண்டு! புறத்தே விட்டவனின் அகத்தே வேட்கை எவ்வளவு காலம் உயிருடன் இருக்கும் என்பதை நம் ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். ஒருநாள் அவன் ஊர் திரும்பப் புறப்படுகிறான். வாரிசேணர் அவனைத் தடுத்துப் பழிக்கவில்லை, தனியே விடவுமில்லை. உடன் நடந்து, தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த மனைவியரையும் செல்வத்தையும் அவன் கண்முன் வைத்து, வேண்டுமாயின் இவற்றையெல்லாம் கொள் என்கிறார். நண்பன் நாணித் தெளிகிறான். இதனையே ஸ்திதிகரணம், அழிந்தாரை நிறுத்தல் என்று போற்றுகிறோம். வாரிசேணரின் சொல்லைவிட அவர் உடன் நடந்த வழியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நழுவும் இடம் வரையில் அவர் துணை சென்றார்.

நம் நூல்கள் விரதம் முறியும் என்பதை எதிர்பாராமல் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை எண்ணிச் சொல்லியிருப்பதே அதற்குச் சான்று. தத்துவார்த்த சூத்திரம் பிராயச்சித்தத்தை ஒன்பது வகையாகக் கூறுமிடத்து, குருவிடம் குறையை ஒளிவின்றிச் சொல்லும் ஆலோசனையை முதலில் வைத்து, விரதத்தில் மீண்டும் நிறுவும் உபஸ்தாபனத்தை இறுதியில் வைக்கிறது. சொல்லுதலில் தொடங்கி மீள நிறுவுதலில் முடியும் அவ்வரிசை துறவியர்க்கு உரியது என்பது உண்மையே. துறவியர்க்கே திரும்பும் வழி வகுத்தவர்கள் இல்லறத்தார்க்கு அடைத்திருப்பார்களா?

தேவாலயங்களைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிறித்தவ வழிபாட்டின் நடுவே திராட்சரசம் உள்ளது. குடியை விட்டவருக்கு அக்கிண்ணமே ஆபத்தாகலாம். இதனை எண்ணிப் பார்த்த சபைகள் தம் சடங்கையே மாற்றிக்கொண்டன. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர், தம் மெதடிஸ்ட் சபையின் திருவிருந்துக்காகத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டார். இன்று சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் புளிக்காத சாறே வழங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை திராட்சரசத்தை விட்டுக் கொடுப்பதில்லை. எனினும், குடிநோயுற்ற குருவானவர் ஆயரின் இசைவுடன், புளித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. நாகர்கோவிலில் காதரின் பூத் மருத்துவமனையை நடத்திவரும் இரட்சணிய சேனையோ, திருவிருந்துச் சடங்கையே கைக்கொள்வதில்லை, தன் போர்வீரர் என்று சேர்வோரிடம் மதுவை முற்றும் விலக்கும் உறுதிமொழியைப் பெறுகிறது. சமயக் கருத்தில் இவர்களுடன் நாம் உடன்படாமல் இருக்கலாம். ஆயினும் மிகவும் வலிவற்ற ஒருவரை மனத்திற்கொண்டு, நூற்றாண்டுகளாகப் போற்றிய கிண்ணத்தில் கை வைத்தார்கள். நம் வழிபாட்டில் மதுவுக்கு இடமே இல்லை. அதனாலேயே போலும், இப்படி எண்ணிப் பார்க்கும் தேவையும் நமக்கு எழவில்லை.

இனி, அன்பர் சிலர் எழுப்பக்கூடிய தடைகள். தேவாலயக் கூடத்திற்குப் போனால் மதம் மாறிவிடமாட்டானா என்பது ஒன்று. உதவிக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்பவர்கள் எங்கும் உண்டு, அத்தகைய இடத்தைத் தவிர்ப்பதே நன்று. நாம் குறிப்பிட்ட அமைப்பு எச்சமயத்தையும் சார்ந்ததன்று, அவரவர் உணர்ந்தவாறே பரம்பொருளைக் கொள்க என்று விட்டுவிடுகிறது. ஆனால் அங்கேயே நமக்கு மெய்யான இடர் ஒன்று வருகிறது. தம்மினும் மேலான ஆற்றலிடம் தம் வாழ்வை ஒப்படைப்பது அவர்களது படிகளுள் ஒன்று. உலகைப் படைத்து வரம் அருளும் கடவுளை நாம் ஏற்பதில்லை. தன் வினைக்குத் தானே கருத்தா, வீடுபேறும் தன் முயற்சியாலேயே என்பது நம் கொள்கை. அவ்வாறாயின் ஒரு ஜைனர் யாரிடம் ஒப்படைப்பார்?

அருகர், சித்தர், சாது, தருமம் என்னும் நால்வகைச் சரணத்தை நாள்தோறும் சொல்கிறோம். அருகர் கை கொடுத்துத் தூக்கமாட்டார் என்று அறிந்தே சரணம் புகுகிறோம். அங்கு நாம் விடுவது செருக்கு ஒன்றையே. 'நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன்' என்பது குடிநோயாளர் ஒவ்வொருவரும் சொல்லும் வாசகம். அதனை விடுவதற்குப் படைப்புக் கடவுள் தேவையில்லை. வினை அவனுடையது, அவன்தான் நுகர வேண்டும், நாம் இடையே புகுவானேன் என்று கேட்போரும் நம்முள் உண்டு. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலையே உயிரின் தொழிலாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை அவர்களும் படித்தே இருப்பர். வினைக் கொள்கையைப் பிறர் துன்பத்திலிருந்து விலகிக்கொள்ளும் சாக்காக ஆக்குவதை எந்த ஆசாரியரும் ஒப்பவில்லை.

காலவரையறை பற்றி ஒரு சொல். அக்கூடங்களில், இனி வாழ்நாளெல்லாம் குடியேன் என்று சபதம் செய்யச் சொல்வதில்லை. இன்று ஒருநாள் மட்டும் குடிக்காமல் இரு என்கின்றனர். இது புதுமை என்று நாம் வியந்தோம். திரும்பி வந்து இரத்தின கரண்டகத்தைப் புரட்டியபோது வெட்கினோம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம், கால அளவுக்கு உட்பட்டது நியமம் என்று பிரித்து, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம் என எல்லை வகுத்துக் கொள்ளும் முறையை ஆசாரியர் அதில் காட்டியுள்ளார். குடியிலிருந்து மீள்பவருக்கு முதல்நாளே யமத்தைச் சுமத்தி, அது முறிந்ததும் பாவி என்கிறோம். நியமம் அவருக்காகவே வைத்ததுபோல் இருக்கிறது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தோன்றும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலையும் ஏற்படலாம், மருத்துவமின்றேல் சிலர் இறந்தும் போகின்றனர். ஆகவே வீட்டில் அறையில் பூட்டி வைப்பதும், உபவாசம் இருக்கச் செய்வதும், நோன்பு கொடுத்து அனுப்புவதும் பெருந்தவறு. முதலில் மருத்துவமனை. உடல் தேறியபின்னரே கூடமும் கூட்டமும் பயன் தரும். நம் உறவினர் அன்று நடுங்கிய கையுடன் படியேறியபோது அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மருத்துவரும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஓர் ஆளும்.

சமூகமே முன்வந்து இடம் கொடுத்தால் மருத்துவமும் சிற்றூருக்கு வரும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் மருத்துவ நிலையம் தொடங்கினார். பத்மஸ்ரீ விருது பெற்ற அவ்வம்மையாரின் நிறுவனம், மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் அமைத்து, ஊராரின் துணையுடன் அங்கேயே சிகிச்சை அளித்துள்ளது. தம் துயரைத் தம் வீட்டுக்குள் பூட்டி வைக்காத ஒரு பெண்ணால் ஆனது அது.

கன்னியாகுமரி மாவட்டத்தை நினைக்கையில் மற்றொரு பெயரும் நெஞ்சில் நிற்கிறது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், உண்ணாமலைக்கடையில் இருந்த மதுக்கடையை அகற்றக் கோரி, 2015 ஜூலை 31 அன்று கைபேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடியபோது உயிர் நீத்தார். பள்ளிக்கும் வழிபாட்டிடத்திற்கும் அருகில் கடை இருக்கக் கூடாது என்பது அங்கு எழுந்த கோரிக்கை. நியாயமான கோரிக்கையே. அதற்காக ஒருவர் உயிரையே கொடுத்தார் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. ஆயினும் கடை அப்பால் நகர்ந்தபின் அதன் வாடிக்கையாளர் எங்குச் செல்வார் என்னும் வினா எஞ்சுகிறது. வழிபாட்டிடத்தின் அருகே கடை கூடாது என்று கேட்கும் நாம், வழிபாட்டிடத்தின் அருகே குடிகாரரும் கூடாது என்று நினைத்தல்லவா அதனைக் கேட்டுவிடுகிறோம்?

ஊர் திரும்பியபின், ஜினாலயத்தை ஒட்டிய மண்டபத்தை வாரத்தில் ஒருநாள் மாலை இதற்கென விட்டுத்தர வேண்டும் என்று அறங்காவலர் கூட்டத்தில் கேட்டோம். முதலில் மௌனம். நம் சமூகத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அவருடைய மருமகன் நிலை அங்கிருந்த அனைவரும் அறிந்ததே. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்திற்குத் தெருப்பக்கம் தனி வாயில் உண்டு, கருவறைப் பக்கம் வராமலே வந்து போகலாம் என்று உபாத்தியாயர் மெல்ல எடுத்துக் கூறினார். சாவியைத் தாமே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். வருவோர் பெயரை எழுதிவைக்கப் பதிவேடு வேண்டுமே என்று மற்றோர் அறங்காவலர் வினவினார். பதிவேடு வைத்தால் எவரும் வரமாட்டார் என்றோம். விவாதம் இரவு ஒன்பது மணி வரை நீண்டது.

பக்கத்து நகரிலிருந்து, குடியை விட்டுப் பல ஆண்டுகளான ஒரு பெரியவர் வந்து இப்பொழுது கூட்டத்தை நடத்தித் தருகிறார். முதல் இரண்டு வாரம் அவரும் காலி நாற்காலிகளுமே. மூன்றாம் வாரம் ஒருவர் வந்தார், அவர் நம் சமயத்தார் அல்லர். இப்பொழுது மூவர் வருகின்றனர் என்று உபாத்தியாயர் கூறினார். யார் யார் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பதிவேடு கேட்ட அறங்காவலர் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.